டைட்டு என்ற வார்த்தையும் பதினாறு போல்ட்டும்

1

ஊருக்குக் கிளம்ப இன்னும் பதினோரு நாள். லீவு கிடைத்துவிட்டது. பாஸ்போர்ட் கம்பெனி ஆபீசில் இருக்கிறது. கிளம்புவதற்கு முந்தின நாள்தான் கையில் தருவார்கள். அதுவரைக்கும் லீவு என்பது வாய்ப்பேச்சுதான்.

போன வாரம் வெள்ளிக்கிழமை காலையில் பொண்ணு போன் பண்ணினாள். பவித்ரா. திண்டிவனத்தில் இங்கிலீஷ் மீடியத்தில் ஒன்பதாவது படிக்கிறாள். அவள் படிப்புக்காகத்தான் என் வீட்டுக்காரி கிராமத்தை விட்டு திண்டிவனத்தில் வாடகைக்கு வந்து இருக்கிறாள். முன்னெல்லாம் போன் பண்ணினால் சாப்பிட்டியா, தூங்கினியா என்று கேட்பாள். இப்போது வேலை இருந்தால்தான் பண்ணுகிறாள். நான் குறை சொல்லவில்லை. வளர்ந்துவிட்டாள்.

பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். இங்கிலீஷில் ஒரே ஒரு வார்த்தை. அது எந்தெந்த இடத்தில் என்னென்ன அர்த்தத்தில் வருகிறது என்று பத்து வாக்கியம் எழுதணும். சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ஒரு வார்த்தை. இவளுக்கு வந்தது டைட்டு.

"டைட்டு இல்லப்பா. டைட்" என்றாள்.

சரி என்றேன். பதினாலு வருஷமாக நான் டைட்டு என்றுதான் சொல்லிக்கினு இருக்கிறேன். போல்ட்டுக்குப் புரிந்தது.

ஆறு எழுதிவிட்டாளாம். நீதான் அங்க தினம் இங்கிலீஷ் பேசறியே, நாலு சொல்லு என்றாள். பின்னால் அவள் அம்மா குரல் கேட்டது.

"போயும் போயும் உங்கப்பாகிட்ட அந்த வார்த்தையக் கேக்கற பாரு."

பவித்ராவுக்கு எதுவும் தெரியாது. அம்மா ஏன் அப்படிச் சொல்றாங்க என்று கேட்டாள். நான் மூணு வாக்கியம் சொன்னேன். ஒண்ணு பாக்கி, அடுத்த வெள்ளிக்குள் யோசிச்சு வைக்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

அந்த வார்த்தையை என்னிடம் சொல்லி வம்பில் மாட்டினவர் என் தங்கச்சி புருஷன் ஏழுமலை. சொல்லி ஒரு வருஷம் ஆகப்போகிறது. அதற்குப் பிறகு அவரும் நானும் பேசவில்லை. தங்கச்சியும் ஒரே ஒரு போனோடு சரி. என்ன நடந்தது என்று ஊரில் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்களாம். நான் வருவதற்கு முன்னால் இதை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

2

எனக்குப் படிப்பு எட்டாவது. ஊர் விழுப்புரத்துக்குப் பக்கம், காணை ஒன்றியத்தில் ஒரு கிராமம். சொந்த நிலம் கிடையாது. கரும்பு வெட்டப் போய்க்கினு இருந்தவன் ஓமனுக்கு வந்து பைப் பிட்டர் ஆனேன்.

இங்கே என் கேட் பாஸில் என் பேர் இல்லை. அப்பா பேர் இருக்கிறது. முதல் விசா அடிக்கும்போதே யாரோ மாத்திப் போட்டுவிட்டார்கள். திருத்தணும் என்றால் ஊருக்குப் போய் புதுசாக எழுதிக் கொடுத்துவிட்டு வரணும் என்றார்கள். விட்டுவிட்டேன். எல்லாரும் கோவிந்தசாமி என்று கூப்பிடுகிறார்கள். செத்துப்போன அப்பா பேருக்கு நான் திரும்பிப் பார்க்கிறேன். பழகிவிட்டது.

வந்த புதிதில் எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் ரெண்டு வார்த்தை. டைட்டு. லூசு. இந்த ரெண்டை வைத்துக்கினு ஒரு வருஷம் ஓட்டினேன். முதலில் போல்ட்டுக்கு மட்டும்தான் டைட்டு என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் எல்லாமே டைட்டு. பிளாண்ட்டை நிறுத்தி ரிப்பேர் பார்க்கிற சமயத்தில் டைம் டைட்டு. கேட்டில் செக்கிங் டைட்டு. ஷூ டைட்டு, மாத்திக் கொடு என்று ஸ்டோரில் கேட்டால், ஸ்டாக் டைட்டு என்பான். மேலே இருக்கிறவன் கீழே இருக்கிறவனுக்கு டைட்டு கொடுப்பான். வருஷத்துக்கு ஒருமுறை மெடிக்கலில் நர்ஸ் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி டைட்டா என்று கேட்பாள். நோ என்று சொல்லணும். யெஸ் என்றால் ஊருக்குத்தான்.

நம்ம பக்கத்தில் குடித்துவிட்டு வருகிறவனையும் டைட்டு என்போம். அது நம்மாட்கள் கண்டுபிடித்தது என்று நினைத்திருந்தேன். இல்லையாம், இங்கிலீஷ்காரனும் அப்படிச் சொல்லுவானாம். பவித்ரா சொன்னாள். புஸ்தகத்தில் இருக்கிறதாம்.

ஊரில் இதற்கெல்லாம் தனித்தனியாகப் பேர் இருந்தது. கயிறு என்றால் இறுக்கம். திண்டிவனம் பஸ்ஸில் காலையில் ஏறினால் நெரிசல். சட்டை பிடிக்கும். டப்பா மூடி கெட்டியாக இருக்கும். முகம் விறைப்பாக இருக்கும். இப்போது ஊரிலும் எல்லாவற்றுக்கும் ஒண்ணுதான்.

3

எங்கள் வேலையில் ஒரு சட்டம் இருக்கிறது. அதைச் சொன்னால்தான் மீதி புரியும்.

ரெண்டு குழாய் சேருகிற இடத்தில் தட்டு மாதிரி ரெண்டு வளையம் முகத்துக்கு முகம் நிற்கும். ஃபிளாஞ்ச் என்பார்கள். நடுவில் ஒழுகாமல் அடைக்கிற கேஸ்கட். சுத்திலும் போல்ட்டு. ஒருத்தன் ஸ்பேனர் போட்டு முறுக்குவான். முறுக்கினவன் சரி பார்க்கக் கூடாது. இன்னொருத்தன் வந்து அளவு ரெஞ்ச் போட்டு ஒவ்வொண்ணாக இழுத்துப் பார்க்கணும். நட்டு நகராமல் ரெஞ்ச் டிக்கென்று சத்தம் போட்டால் சரி. உடனே பெயிண்ட் பேனாவால் நட்டிலிருந்து தட்டு வரைக்கும் ஒரு கோடு. கோடு போட்டால் அந்த போல்ட்டுக்குப் போட்டவன் பொறுப்பு.

கோடு போடுகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு கலர். எனக்கு மஞ்சள். அந்த மஞ்சள் கிடைக்க ஒன்பது வருஷம் ஆச்சு. என் கையெழுத்து கோணலாக வரும், பேங்கில் ரெண்டு தடவை போடச் சொல்வார்கள். மஞ்சள் கோடு நேராக வரும். யாரும் திரும்பப் போடச் சொன்னதில்லை.

ஏழுமலையை இங்கே கூட்டி வந்தது நான்தான். நாலு வருஷம் என் குரூப்பிலேயே இருந்தார். அவர் முறுக்குவார், நான் பார்ப்பேன்.

அதற்கு முன்னால் ஊரில் ரெண்டு பேரும் ஒன்றாகக் கரும்பு வெட்டியிருக்கிறோம். அவர் கட்டு கட்டுவார். கரும்பின் காய்ந்த சோகையையே முறுக்கிக் கயிறாக்கி, முழங்காலால் அழுத்தி இறுக்குவார். நான் டிராக்டரில் ஏற்றுவேன். ஏற்றுகிறவன் தூக்குவதற்கு முன்னால் ஒவ்வொரு கட்டையும் காலால் ஒரு உதை விட்டுப் பார்ப்பான். அவிழ்கிற கட்டாக இருந்தால் அங்கேயே அவிழட்டும், மேலே போய் அவிழ்ந்தால் கீழே நிற்கிறவன் தலையில் விழும். எல்லார் கட்டையும் நான் உதைத்திருக்கிறேன். ஏழுமலை கட்டை உதைத்ததில்லை. தங்கச்சியைக் கட்டினவர் கட்டிய கட்டு மேல் காலை வைப்பதா? எங்கள் வீட்டில் அவர் வந்தால் அப்பா சாப்பாட்டில் பாதியில் கூட எழுந்து நிற்பார். மாப்பிள்ளை சொன்னால் சரி. திருப்பிக் கேட்டால் கேட்டவன் வீட்டுக்குத்தான் கேவலம்.

அவர் கட்டு ஒருநாளும் அவிழ்ந்ததில்லை. அதையும் சொல்லணும்.

4

போன வருஷம் ஷட்டவுன். பிளாண்ட் நிற்கிற ஒவ்வொரு நாளும் கம்பெனிக்கு நஷ்டம் என்று மேலேயிருந்து சொல்லிக்கினே இருந்தார்கள். ஸ்டீம் போகிற குழாயில் ஒரு ஃபிளாஞ்ச், பதினாறு போல்ட்டு. மேல்பக்கம் பன்னிரண்டு நின்றுக்கினே முறுக்கலாம். கீழே நாலு. தூணுக்கும் குழாய்க்கும் நடுவில் மல்லாந்து படுத்து உள்ளே போனால்தான் கை எட்டும்.

மேலே பன்னிரண்டும் அவர் முறுக்க நான் பார்த்துக் கோடு போட்டேன். வழக்கத்தைவிட மெதுவாகத்தான் முறுக்கினார். வெயில் என்று நினைத்தேன். கீழே நாலுக்கு அவர் உள்ளே போனார். ரொம்ப நேரம் ஆச்சு. பக்கத்து குரூப் ஆட்கள் நாலைந்து பேர் எங்கள் ரெஞ்சுக்காகக் காத்துக்கினு நின்றார்கள். நம்ம பக்கத்து ஆட்களும் அதில் உண்டு.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"டைட்டு மச்சான்."

சட்டப்படி அவர் வெளியே வந்து, நான் உள்ளே போய்ப் படுத்து நாலையும் இழுத்துப் பார்க்கணும். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அவ்வளவு பேர் நிற்கும்போது மாப்பிள்ளை டைட்டு என்று சொன்ன பிறகு நான் போய் இழுத்துப் பார்ப்பது, அவர் கட்டை உதைக்கிற மாதிரி எனக்கு இருந்தது. பெயிண்ட் பேனாவை உள்ளே நீட்டினேன். அவரே நாலு கோடு போட்டுவிட்டு வெளியே வந்தார். முகம் வேர்த்துக் கிடந்தது. நான் பேப்பரில் பதினாறுக்கும் என் கோணல் கையெழுத்தைப் போட்டேன்.

தப்பு அங்கேதான். எனக்கு அப்போது தப்பாகவே தெரியவில்லை. மரியாதையாகத்தான் தெரிந்தது.

5

மறுநாள் காலை. கேன்டீனில் டீ குடித்துவிட்டு பஸ்ஸுக்கு நின்றோம். ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில் கொடுப்பார்கள். ஏழுமலை தன் பாட்டிலைப் பக்கத்தில் இருந்த நேபாளியிடம் நீட்டினார். அவன் மூடியைத் திருகிக் கொடுத்தான். இவர் இடது கையால் வாங்கினார்.

நான் ரெண்டு ஆள் தள்ளி நின்றுக்கினு இருந்தேன். என்னைப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கேம்ப்பிலிருந்து பிளாண்ட் நாற்பது நிமிஷம். அந்த லைனுக்குப் பத்து மணிக்கு டெஸ்ட் என்று போர்டில் எழுதியிருந்தது. காற்றை அடைத்து அழுத்தம் ஏற்றுவார்கள். நாலு பேர் சோப்புத் தண்ணியும் பிரஷ்ஷும் எடுத்துக்கினு ஃபிளாஞ்ச் பக்கத்திலேயே நிற்பார்கள். எங்கேயாவது ஒழுகினால் நுரை வரும். பெரும்பாலும் நுரை வரும். எப்போதாவது நுரைக்கு முன்னால் கேஸ்கட் பிய்த்துக்கினு வரும். வேறொரு இடத்தில் ஒருமுறை பார்த்திருக்கிறேன். அதை இங்கே எழுத வேண்டாம்.

"கையில என்ன மாப்ள?"

"ஒண்ணுமில்ல. சுளுக்கு."

"எப்பலேர்ந்து?"

 கையுறையைக் காலையிலேயே மாட்டியிருந்தார். அப்போதுதான் கவனித்தேன்.

"எப்பலேர்ந்து மாப்ள?"

"நாலு நாளாச்சி. ஏணியில வழுக்கிச்சி. கிளினிக் போனா எழுதிடுவான் மச்சான். அடுத்த மாசம் விசா புதுப்பிக்கணும்ல."

"அப்ப நேத்து?"

"டைட்டுன்னு சொன்னேன்ல."

"எந்தக் கையால?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே ஒன்றுமில்லை, மண்ணும் வேலியும்தான். அப்படியே திரும்பாமல் சொன்னார்.

"ரூஃபுக்கு சென்ட்ரிங் அடிச்சி வெச்சிருக்கு. காங்க்ரீட் போடணும். செல்வி தினமும் வாடகைக்கு எடுத்த பலகைய எண்ணிக்கினு கீறா. இப்ப நான் போயி நின்னா எப்படி?"

செல்வி என் தங்கச்சி.

எனக்கு மாப்பிள்ளையைத் திருப்பிக் கேட்டுப் பழக்கமில்லை. அன்றைக்கு ஒரு தடவை கேட்டாச்சு. ரெண்டாவது தடவை கேட்டேன்.

"கீழ நாலும் டைட்டா மாப்ள? என்கிட்ட சொல்லுங்க. வேற யாருக்கும் போவாது."

"நீங்களே நம்பலன்னா அப்பறம் என்ன மச்சான்."

அது ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை. பஸ் கேட்டில் நின்றது. செக்கிங். ஒவ்வொரு பாஸாகப் பார்த்தார்கள். மணி ஏழரை.

6

எட்டிலிருந்து ஒன்பது வரைக்கும் நான் வேறொரு இடத்தில் வேலை செய்தேன். என்ன செய்தேன் என்று ஞாபகமில்லை. என்னால் தனியாகப் போய் அந்த நாலையும் பார்த்துவிட முடியாது. டெஸ்ட்டுக்காக அந்த இடத்தைக் கயிறு கட்டி மூடிவிட்டார்கள். உள்ளே போகணும் என்றால் பெர்மிட் வேணும். பெர்மிட் வேணும் என்றால் காரணம் சொல்லணும்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் சோப்புத்தண்ணி ஆட்கள் வாளியைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஒருத்தன் என் ரூமில் எனக்குக் கீழ்க் கட்டிலில் படுக்கிறவன். காலையில் ஏழுமலைக்கு மூடி திறந்து கொடுத்தவனும் அவன்தான். என்னைப் பார்த்துப் பிரஷ்ஷைத் தூக்கிக் காட்டினான்.

ஒன்பதேகாலுக்கு ஃபோர்மேன் ரூமுக்குப் போனேன். ஃபோர்மேன் ஜோஸ், திருச்சூர்க்காரர். எனக்கு மஞ்சள் வாங்கிக் கொடுத்தவர் அவர்தான்.

"சார், அந்தப் பதினாறு போல்ட்டு ஃபிளாஞ்ச். அடியில நாலு. கோடு என் கலர். பாத்தது நான் இல்ல."

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்தார்.

"டைட் அல்லே?"

"தெரியாது சார்."

"கோவிந்தசாமி, நிங்கள் ஒப்பிட்டு. கையெழுத்து போட்டாச்சு. இப்போ தெரியாதுன்னா?"

"தெரியாதுன்னா தெரியாதுதான் சார்."

வாக்கி டாக்கியில் டெஸ்ட்டை நிறுத்தச் சொன்னார். உடனே சேஃப்டி ஆபீசர் வந்தான். அவன் கையில் நிரப்பிக் கொடுக்கிற பாரம் ஒன்று. நடந்ததை எழுது என்றான். எனக்கு இங்கிலீஷில் எழுத வராது என்று ஜோஸ் சொன்னார். அப்படியானால் சொல், நான் எழுதுகிறேன் என்றான். முறுக்கினது யார்? பேர் என்ன? ஏன் நீ பார்க்கவில்லை?

அந்தக் கடைசிக் கேள்விக்கு எனக்கு எந்த மொழியிலும் பதில் வரவில்லை. என் தங்கச்சி புருஷன், அதனால் பார்க்கவில்லை. இதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது? சொன்னாலும் அந்த பாரத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவான்? டைம் டைட்டு என்றேன். அவனுக்குப் புரிந்தது. அதை எழுதிக்கொண்டான். பொய்தான். அன்றைக்கு நான் சொன்ன ஒரே பொய்.

முறுக்கினது யார் என்று மறுபடி கேட்டான்.  பாரத்தில் கட்டம் காலியாக இருந்தது. அவன் பேனா அங்கேயே நின்றது.

கதவு பக்கம் குரல் கேட்டது.

"நான்தான் சார். கோடும் நான்தான் போட்டேன்."

ஏழுமலை நின்றுக்கினு இருந்தார். யாரும் கேட்காமலே கையுறையைக் கழற்றினார். வலது மணிக்கட்டு ஒரு பக்கமாக வீங்கிக் கறுத்திருந்தது. ஜோஸ் ஏசுவைக் கூப்பிட்டு ஈசோயே என்று மெதுவாகச் சொன்னார். ஏழுமலை என்னைப் பார்க்கவில்லை. ஒரு தடவை கூட.

போல்ட்டுகளைப் பார்க்க என்னை விடவில்லை. பச்சைக் கலர்க்காரன் போனான். நானும் ஏழுமலையும் கயிற்றுக்கு வெளியே நின்றோம், நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம் விட்டு. மேலே பன்னிரண்டும் டிக், டிக்கென்று ஒழுங்காகச் சத்தம் கொடுத்தது. அவன் மல்லாந்து உள்ளே போனான். காலணியும் ரெஞ்ச் கைப்பிடி நுனியும்தான் தெரிந்தது. பதிமூணு, டிக். பதினாலு, டிக். பதினைந்துக்குக் கொஞ்சம் நேரம் ஆச்சு. டிக்.

பதினாறு. ரெஞ்ச் சத்தம் போடாமல் நகர்ந்தது. கைப்பிடி போகிறதை நாங்கள் ரெண்டு பேரும் பார்த்தோம். கால் சுத்து போய் அப்புறம்தான் டிக்கென்றது.

ஜோஸ் என் தோளைத் தட்டினார். ராத்திரி முழுக்க கேஸ்கட் அமுங்கும், கால் சுத்து எந்த ஃபிளாஞ்சிலும் போகும், நீ பார்த்திருந்தாலும் போயிருக்கும் என்றார். போயிருக்கலாம். நானும் அப்படிப் பார்த்திருக்கிறேன். சரியாக முறுக்காமல் விட்ட போல்ட்டும் கால் சுத்துதான் போகும். அதையும் பார்த்திருக்கிறேன்.

டெஸ்ட் பதினொண்ணரைக்கு நடந்தது. நுரை வரவில்லை. ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால்தான் இன்றைக்கு வரைக்கும் ஆளுக்கு ஒரு மாதிரி பேசுகிறார்கள்.

7

கிளினிக்கில் வேலைக்கு ஆகாது என்று ஒரு பேப்பர் எழுதினார்கள். அடுத்த பத்து நாளில் ஏழுமலையை அனுப்பிவிட்டார்கள். பஸ் ஏறும்போது அவர் பெட்டியை நான் தூக்கி வைத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

விழுப்புரத்தில் எக்ஸ்ரே எடுத்ததில் சுளுக்கு இல்லையாம். எலும்பில் விரிசல். விரிசல் விட்ட கையோடு பதினைந்து போல்ட்டாவது முறுக்கியிருக்கிறார். பெரும்பாலும் இடது கையாலும் உடம்பாலும். 

மஞ்சளை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். இப்போது பீகார்க்காரன் ஒருத்தனிடம் இருக்கிறது. நான் திரும்பவும் முறுக்குகிற வேலைக்கு வந்துவிட்டேன். நான் முறுக்க, அவன் இழுத்துப் பார்க்கிறான். ஒவ்வொண்ணாக, விடாமல் பார்க்கிறான். முதலில் ரோஷமாக இருந்தது. இப்போது அவன் ஒன்றைத் தாண்டினால் நானே கூப்பிட்டுக் காட்டுகிறேன்.

செல்வி ஒரே ஒரு தடவை போன் பண்ணினாள். அவர் ஊர் போய்ச் சேர்ந்த மறுநாள்.

"எவ்ளோண்ணா சுத்துச்சி?"

"கால் சுத்து."

"கால் சுத்து."

"ஆமா."

"கால் சுத்துக்கு என் புருஷன ஊருக்கு அனுப்பிட்ட."

நான் அனுப்பவில்லை என்று சொல்லியிருக்கலாம். கேஸ்கட் கதையைச் சொல்லியிருக்கலாம். நாலு பேர் அங்கே பிரஷ்ஷோடு நின்றார்கள் என்று சொல்லியிருக்கலாம்.  அவள் வைத்துவிட்டாள். காங்க்ரீட் போடாமலே சென்ட்ரிங் பலகையைப் பிரித்துக் கொடுத்துவிட்டார்களாம். மேலே ஷீட் போட்டுக்கொண்டு இருக்கிறார்கள். பவித்ரா அத்தை வீட்டுக்குப் போவதும் குறைந்துவிட்டது. விழுப்புரம் பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரம். போவதில்லை.

ஒரு வருஷமாக எனக்கு ஒரே கேள்வி. அந்தப் பதினாறாவது கேஸ்கட்டால் போச்சா, கையால் போச்சா? தெரிந்தவர் ஒருத்தர்தான். அவரைக் கேட்க முடியாது. பஸ்ஸில் ரெண்டு தடவை கேட்டதே அதிகம். கேஸ்கட் என்றால் நான் ஒரு நல்ல மனுஷன் வயிற்றில் அடித்திருக்கிறேன். கை என்றால், அப்போதும் அடித்தது அடித்ததுதான். ஆனால் தூக்கம் வரும்.

திரும்ப அந்த நாள் வந்தாலும் ஜோஸ் ரூமுக்குத்தான் போவேன். அதில் எனக்குச் சந்தேகமில்லை. சந்தேகம் வேறு இடத்தில்.

8

நேற்று வெள்ளிக்கிழமை. பவித்ரா மறுபடி போன் பண்ணினாள். பத்தாவது வாக்கியத்துக்குத்தான் என்று நினைத்தேன். நான் யோசித்து வைத்திருக்கவில்லை.

வியாழக்கிழமை பள்ளிக்கூட வேன் திண்டிவனம் பைபாஸில் பஞ்சராகிவிட்டதாம். பக்கத்தில் லாரி டயர் கடை. அங்கே வேலை செய்கிறவர் ஏழுமலை. விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறாராம். எனக்கு இது தெரியாது. என் வீட்டுக்காரிக்குத் தெரியுமோ என்னமோ, சொல்லவில்லை.

சக்கரத்தை மாட்டி நட்டெல்லாம் முறுக்கிவிட்டு, டிரைவரைக் கூப்பிட்டு ஸ்பேனரைக் கையில் கொடுத்தாராம். ஒவ்வொண்ணாக இழுத்துப் பாரு என்றாராம். டிரைவர் சிரித்தானாம், நீதானே டைட் பண்ண, அப்பறம் நான் எதுக்கு என்று. பண்ணவன் பாக்கக் கூடாது, நீ பாத்தாதான் வண்டி எடுக்கலாம் என்று சாவியைப் பையில் போட்டுக்கொண்டாராம். பிள்ளைகள் எல்லாம் லேட்டாகுது என்று கத்த, டிரைவர் திட்டிக்கினே எல்லா நட்டையும் இழுத்துப் பார்த்த பிறகுதான் சாவியைக் கொடுத்தாராம்.

"அப்பறம் என்னத் தனியா கூப்பிட்டாருப்பா. உங்கப்பா எப்ப வராருன்னு கேட்டாரு. சொன்னேன். ஒண்ணு சொல்லச் சொன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல. அப்படியே சொல்லட்டா?"

"சொல்லு."

"அடியில கடைசி போல்ட்டு, ஸ்பேனர் போட்டேன், முறுக்க முடியல. கோடு போட்டுட்டு வந்துட்டேன். நேத்து உங்க அத்தகிட்ட சொல்லிட்டேன். உங்கப்பாகிட்ட நீ சொல்லிடு. அவ்ளோதான்."

நான் கட்டிலில் உட்கார்ந்துக்கினு இருந்தேன். கீழ்க் கட்டிலில் நேபாளி துணி மடித்துக்கொண்டிருந்தான்.

"அப்பா, இருக்கியா?"

"இருக்கேன்."

"என்ன போல்ட்டு?"

"வேலையில ஒரு போல்ட்டு. வந்து சொல்றேன்."

  அவளே அடுத்த கதையை ஆரம்பித்தாள். மாமா தனக்கு மட்டும் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்ததாகவும், மற்ற பிள்ளைகள் முறைத்ததாகவும் சொன்னாள்.

"மூடி யாரு தொறந்தா?"

"என்னப்பா?"

"பாட்டில் மூடி."

"மாமாதான். எனக்குத் தொறக்க வரல. ரொம்ப டைட்டு."

டைட்டு என்றுதான் சொன்னாள். நான் திருத்தவில்லை.

"எந்தக் கையால தொறந்தாரு?"

"கேள்வியப் பாரு. சோத்துக்கையாலதான். ஒரே திருகு."

"அத எழுதிக்கோ" என்றேன். "பத்தாவது."